சின்ன நாய்தானே என்று வாங்கினேன்

பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. இரண்டு படுக்கையறை, 870 சதுர அடி, வாடகை. கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆறேழு மாதம் கடலில், மூன்று நான்கு மாதம் வீட்டில். மற்ற நாளெல்லாம் நானும் அப்போது நான்காம் வகுப்பில் இருந்த மகளும்தான். நாய் வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஆசைதான். கும்பகோணத்தில் நான் வளர்ந்த வீட்டு வாசலில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும். அதற்கென்று யாரும் தனியாக எதுவும் செய்ததாக நினைவில்லை. மீந்த சோறு, கொஞ்சம் மோர், ராத்திரி படுக்கத் திண்ணை. நாய் வளர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அறிவோடு 2023 தீபாவளி முடிந்த வாரம் ஒரு பீகிள் குட்டியை 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். ஏழு மாதம் கழித்து அவனை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டுக் காரில் அழுதுகொண்டே திரும்பினேன். நடுவில் நடந்ததையெல்லாம் எழுதுகிறேன். அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு நாய் வாங்க யோசிப்பவர் யாராவது இதைப் படித்தால் போதும்.

பீகிள்தான் என்று எப்படி முடிவு செய்தேன் என்றால், ‘ஃப்ளாட்டுக்கு ஏற்ற நாய்’ என்று தேடிய இடத்திலெல்லாம் அந்தப் பெயர் வந்தது. காரணம் உயரம். தோள் வரை அளந்தால் 15 அங்குலத்தைத் தாண்டாது, எடை பத்துப் பன்னிரண்டு கிலோ, குட்டை முடி, குழந்தைகளோடு நன்றாகப் பழகும். இதெல்லாம் உண்மைதான், இன்றைக்கும் மறுக்க மாட்டேன். சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்று கணக்குப் போட்டேன். அது எதற்காக உருவாக்கப்பட்ட நாய் என்று மட்டும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டம் கூட்டமாக வளர்த்த இனம் அது. புதருக்குள் ஓடுகிற நாய் எங்கே இருக்கிறது என்று பின்னால் நடந்து வருகிற வேட்டைக்காரருக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே தூரத்துக்குக் கேட்கும் குரல் உள்ளதாகப் பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினார்கள். மோப்பமும் அப்படித்தான். அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிப்பது இந்த நாய்கள்தான். ஆக, கூட்டமாக வாழ்ந்து பழகியது, உரக்கக் குரல் கொடுப்பது, மூக்கு இழுத்த பக்கம் போவது. இந்த மூன்று குணத்தையும் ஒரு பூட்டிய வீட்டுக்குள் தனியாக வைத்தால் என்ன ஆகும் என்று நான் பத்து நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

வாங்கிய இடத்திலேயே முதல் தப்பு. ‘45 நாள் குட்டி மேடம், இப்போ எடுத்தாத்தான் உங்ககிட்ட ஒட்டும்’ என்றார் விற்றவர். தாய் நாயைப் பார்க்கணும் என்றேன். ஊரில் இருக்கிறது என்றார். அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். நாய் இனப்பெருக்கத்துக்கென 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று குட்டி என் மகளின் முழங்கையை நக்கியது, அவள் அதற்கு ‘சுண்டல்’ என்று பெயரும் வைத்துவிட்டாள். வந்த ஐந்தாம் நாள் வாந்தி, அடுத்த நாள் காலையில் ரத்தம் கலந்த பேதி. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஐந்து நாள் ட்ரிப்ஸ், ஊசி, காலை மாலை ஆட்டோவில் போய்வந்தது எல்லாம் சேர்த்து 13,600 ரூபாய். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி. அங்கே போயிருந்தால் செலவு பெருமளவு குறைந்திருக்கும், ஆனால் அந்தப் பதற்றத்தில் எனக்குப் பக்கத்துக் கிளினிக்கைத் தவிர எதுவும் தோன்றவில்லை. பிழைத்துக்கொண்டான். குட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு இது ஒன்றைச் சொல்வேன்: தாயைக் கண்ணால் பார்க்காமல், எட்டு வாரம் ஆனதற்கும் முதல் தடுப்பூசி போட்டதற்கும் அத்தாட்சி இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

அவன் தேறிவந்த கையோடு மிக்ஜாம் புயல். டிசம்பர் 4-ஆம் தேதி பள்ளிக்கரணை எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை. பால்கனியில் செய்தித்தாள் விரித்து அதில் ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகப் பழக்கினேன். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தடுப்பூசி எல்லாம் முடிகிற வரை, அதாவது நான்கு மாதம் வரை, தெருநாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கிவிடவும் கூடாது. ஆகவே மாடி வீட்டில் குட்டி எடுத்தால் முதல் இரண்டு மூன்று மாதம் வீட்டுக்குள்தான் எல்லாம் நடக்கும். ராத்திரி பன்னிரண்டு, மூன்று, ஐந்தரை என்று எழுந்து துடைத்தேன். காலையில் மகளுக்கு டிபன் கட்டும்போது கை நடுங்கும். அப்போதும் அவன் மேல் கோபம் வரவில்லை. கழுத்தடியில் முகம் வைத்துத் தூங்குவான்.

ஜனவரி கடைசி வரை அம்மா வந்து எங்களோடு இருந்தார்கள். ஆக, வந்த நாளிலிருந்து சுண்டல் ஒரு மணி நேரம்கூட வீட்டில் தனியாக இருந்ததில்லை. அதைப் பாக்கியம் என்று நினைத்தேன். உண்மையில் எல்லாவற்றையும் கெடுத்தது அதுதான். பிப்ரவரியில் அம்மா ஊருக்குப் போனார்கள், எனக்கு வாரம் மூன்று நாள் அலுவலகம் கட்டாயம் என்றார்கள். காலை எட்டேகாலுக்குக் கதவைப் பூட்டினால் மாலை நாலரைக்கு மகளோடுதான் திறப்பேன். முதல் வாரமே கதவின் உள்பக்கம் அடியில் பல் தடம். இரண்டாம் வாரம் நிலைச்சட்டத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தேங்காய் துருவினாற்போல் மரம் உதிர்ந்து கிடந்தது. அவன் வாய் ஓரத்தில் சிறாய் குத்தி ரத்தம்.

சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. ஐயாவுக்கு அப்போதுதான் பைபாஸ் செய்திருந்தார்கள். அம்மாள் என்னை லிஃப்ட் வாசலில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: ‘ஏம்மா, குரைச்சாக்கூடப் பொறுத்துக்கலாம். நீ போனதும் அது அழுவுதும்மா. அதைக் கேட்டுட்டு எங்களால உக்கார முடியல.’ திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? அன்று இரவே 2,300 ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கி ஹாலில் வைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது செல்பேசியில் பார்த்தேன். நான் போன நான்காவது நிமிடம் ஆரம்பிக்கிறான். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து முகர்கிறான், என் வாசனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளப்பது போல. பிறகு பின்னங்காலில் உட்கார்ந்து முகவாயை மேலே தூக்குகிறான். வாய் ‘ஓ’ என்று குவிகிறது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட சத்தம். நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கிறான். பதில் வராததும் மறுபடி. அப்படியே ஒரு மணி நாற்பது நிமிடம். சாப்பாட்டை மூடிவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்யாதது இல்லை. அதிகாலையில் முக்கால் மணி நேரம் நடத்தினேன். அவசரமாக இழுத்துப் போகாமல், அவன் முகர வேண்டியதை முகரவிட்டு நடந்தால் களைப்பு நன்றாக வரும்; பீகிளுக்கு ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை கொடுப்பது முக்கியம். ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதம் அடைத்து உறைய வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு, வெளியே போகாமல் சோபாவில் உட்கார்வது. கதவுக்கு வெளியே அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வருவது என்று வாரக்கணக்கில் பழக்கினேன். இது பலன் தரும் வழிதான். இருபத்தைந்து நிமிடம் வரை சத்தமில்லாமல் இருக்கப் பழகினான். ஆனால் பழக்கும் காலத்தில் அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தனியாக விடக் கூடாது, விட்டால் பழையபடி ஆகிவிடும். எனக்கோ வாரத்தில் மூன்று நாள் எட்டு மணி நேரம். நடுவில் ஒரு பயிற்சியாளரிடம் 20 நாள் தங்கிப் பழக 12,000 ரூபாய் கட்டி அனுப்பினேன். திரும்பி வந்தவன் ‘சிட்’ என்றால் உட்கார்ந்தான், கை கொடுத்தான். தனியாக விட்ட முதல் நாளே அதே சத்தம். தனிமைப் பயம் எந்த வீட்டில் வருகிறதோ அந்த வீட்டில்தான் தீர்க்க முடியும், வேறு இடத்தில் வைத்துச் சரிசெய்து தர முடியாது என்று பின்னர் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். பணம் கட்டும் முன் அவரைப் பார்த்திருக்கலாம். குரைத்தால் ஷாக் அடிக்கும் கழுத்துப் பட்டை வாங்கச் சொல்லி மூன்று பேர் சொன்னார்கள். பயத்தில் கத்துகிற உயிருக்கு ஷாக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வலி சேர்ந்தால் பயம் கூடத்தான் செய்யும். பகல்நேரக் காப்பகத்தில் 600 ரூபாய் வீதம் 16 நாள் விட்டேன். அங்கே மற்ற நாய்களோடு சேர்ந்து ஆடிக் களைத்து, மாலையில் சிரித்த முகமாக வருவான். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் உறைத்தது, இவனுக்கு வேண்டியது நான்கூட இல்லை, கூட்டம் என்று.

குடியிருப்போர் சங்கத்துக்குப் புகாரும் போனது. நாய் வளர்க்கவே கூடாது என்று தீர்மானம் போடலாம் என்று சிலர் பேசினார்கள். இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களை அச்செடுத்துக்கொண்டு போனேன். பெரும்பான்மை தீர்மானம் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது, அளவையோ இனத்தையோ காரணம் காட்ட முடியாது, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது. செயலாளர் படித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். மாநகராட்சி உரிமமும் கையில் இருந்தது. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழோடு ஆன்லைனில் விண்ணப்பித்தால் 50 ரூபாய்தான். இப்போது மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம், எனவே தள்ளிப்போடாதீர்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் ஒரு வரியாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பியதால் கதவும் நிலைச்சட்டமும் மாற்ற 11,000 ரூபாய் ஆனபோது பேசவே வழியில்லாமல் போனது. சட்டம் என் பக்கம்தான் இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நெஞ்சில் தையலோடு படுத்திருந்தவரின் தூக்கத்தை எந்தச் சட்டத்தைக் காட்டித் திருப்பிக் கொடுப்பது?

மே மாதம் பள்ளி விடுமுறை. மகள் வீட்டில் இருந்ததால் சத்தமே இல்லை. சரியாகிவிட்டான் என்று நம்பினேன். ஜூன் 10-ஆம் தேதி பள்ளி திறந்தார்கள், அன்று மூன்று மணி நேரம் கத்தினான், முன்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது. அன்று ராத்திரி கணவரோடு பேசக் காத்திருந்தேன், கப்பலில் சிக்னல் கிடைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து முடிவெடுத்தேன்.

தெரிந்தவர்கள் வழியாகச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குடும்பம் கிடைத்தது. தோட்டம், மாமரம், சுற்றுச்சுவர், ஏற்கெனவே ஒரு வயதான பெண் பீகிளும் ஒரு நாட்டு நாயும். எடுத்த எடுப்பில் விட்டுவிடவில்லை, மூன்று ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் அடியில் தோண்டி வெளியேற வழியிருக்கிறதா, கேட் இடுக்கு எவ்வளவு, பக்கத்தில் டாக்டர் யார் என்று பார்த்தேன். தடுப்பூசிப் புத்தகம், அவன் போர்வை, தின்னும் உணவில் மீதி எல்லாம் கொடுத்தேன். நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பதை நம்மவர்கள் பாவம் என்பார்கள். தெருவில் விடுவதுதான் பாவம். இருந்தாலும் அன்று அவன் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் ஏமாற்றுக்காரி என்றுதான் எனக்குத் தோன்றியது. மகள் ஒன்பது நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. குறித்துவைத்த நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். குட்டி, பார்வோ, தடுப்பூசி, கூண்டு, சாப்பாடு, பயிற்சி, காப்பகம், கேமரா, கதவு எல்லாம் சேர்த்து 99,200 ரூபாய்.

அதன்பின் ஆறு மாதம் எதுவும் எடுக்கவில்லை. எங்கள் வளாகத்திலும் அக்கம்பக்கத்திலும் நாய் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இதுதான்: பிடித்த இனம் எதுவோ, அதை மாடி வீட்டில் வளர்ப்பவர் வீட்டில் ஒரு வேலைநாள் மாலை ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். ‘பி’ பிளாக்கில் ஒரு கிரேட் டேன் இருக்கிறது, அறுபது கிலோவுக்கு மேல், பகல் முழுக்கக் கட்டிலடியில் தூங்குகிறது, அதன் குரலை நான் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதே பிளாக்கில் நாலு கிலோ பொமரேனியன் லிஃப்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் கத்துகிறது. உருவத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஷிட்சூ அமைதி, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் தினம் சீவாவிட்டால் முடி சடைபிடித்துத் தோல் புண்ணாகிறது. பக் சாதுதான், தட்டையான மூக்கால் சித்திரை வெயிலில் மூச்சு வாங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. லாப்ரடாருக்கு அன்பு ஏராளம். தினம் நன்றாக ஓடவிட ஆள் இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் கொழுத்து மூட்டு போய்விடும். சைபீரியன் ஹஸ்கியைச் சென்னையில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து, ஏசி போட்டாலும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் பெருமைதான். கால் நீட்டி ஓட இடம் இருக்கிறவர்கள் வளர்க்கட்டும்.

எனக்கு யாராவது அன்று இரண்டே கேள்வி கேட்டிருந்தால் போதும். உன் வீட்டில் ஒரு நாளில் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? உன் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்? நாலு மணி நேரத்துக்கு மேல் தனியாக விட வேண்டியிருந்தால் குட்டியே வேண்டாம், எந்த இனமானாலும். குணம் தெரிந்த வளர்ந்த நாயாகப் பாருங்கள். குட்டியிடம் குணம் இன்னும் தெரியாது. நாலு வயது நாய் யார் என்பது அதைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியும். 1959 முதல் இருக்கும் ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும், வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தன்னார்வலர்களிடமும் அப்படிப்பட்ட நாட்டு நாய்கள் நிறைய.

2025 பொங்கல் முடிந்து அம்முவை அப்படித்தான் கூட்டிவந்தோம். நாலு வயது, செம்பழுப்பு நிறம், கருத்தடை ஆனவள், ஏற்கெனவே ஒரு மாடி வீட்டில் ஒன்றரை வருடம் பராமரிப்பில் இருந்தவள். இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். கேமராவை மறுபடி ஹாலில் வைத்தேன். நான் கதவைப் பூட்டியதும் போய்ச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே படுத்துக்கொள்கிறாள். லிஃப்ட் சத்தம் கேட்டால் ஒரு காது மட்டும் எழும்புகிறது. கூரியர்காரர் மணி அடித்தால் நாலு குரைப்பு, அவ்வளவுதான். அவளிடமும் சிரமம் உண்டு: வெடிச்சத்தம் ஆகாது, தீபாவளிக்கு மூன்று நாள் குளியலறையை விட்டு வரவில்லை, நானும் தரையில் பாய் போட்டு அங்கேயேதான் படுத்தேன். மழைக்காலத்தில் உண்ணித் தொல்லை அதிகம். மாதா மாதம் மருந்து போடாவிட்டால் உண்ணிக் காய்ச்சல் வந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மாள் அவளுக்குத் தினம் சாயந்திரம் ஒரு துண்டு இட்லி எடுத்து வைக்கிறார்கள்.

சுண்டலைப் போன மாதம் பார்க்கப் போயிருந்தோம். கேட்டுக்கு வெளியே கார் நின்றதுமே அந்தச் சத்தம். முகவாயைத் தூக்கி, வாயைக் குவித்து. ஆனால் இந்த முறை உள்ளேயிருந்து கிழவி பீகிளும் அதே சுருதியில் பதில் கொடுத்தாள். ஓடிவந்து மகளின் கால், கை, பை எல்லாவற்றையும் ஒரு இடம் விடாமல் முகர்ந்தான். பையில் அம்முவின் முடி ஒட்டியிருந்த இடத்தில் வெகுநேரம் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மாமரத்தடியில் நாட்டு நாய் எதையோ தோண்டத் தொடங்கியது, அவன் திரும்பி அங்கே ஓடினான். ‘அம்மா, நம்மள மறக்கல’ என்றாள் மகள். நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால் நட்டுக்குத்தாக நின்றிருந்தது, மூக்கின் மேல் முழுக்க மண்.